ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்கள்

இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஜூலியா சிஸ்டர் யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றதில்லை. அவர் ஊசி போட்டால் வலித்தது என்று வேண்டாதவன்கூடச் சொல்ல மாட்டான். அப்படிப்பட்டவரை அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடிக்குக் கூப்பிட்டு, அங்கே செல் ஆராய்ச்சி செய்கிற பார்கவி என்கிற இருபத்தெட்டு வயசுப் பெண், ரகுராம் ஆணா பெண்ணா என்று கேட்டாள்.

கேள்வியைப் பார் கேள்வியை. ஆட்டோ ஓட்டுகிறவன், மீசை வைத்திருக்கிறவன், இரண்டு பிள்ளைக்கு அப்பன், இதற்கு மேல் என்ன சர்டிபிகேட் வேண்டும் என்று ஜூலியா எகிறினார். பார்கவி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். ரகுராம் பெயர் எழுதிய தட்டில் எட்டு மாசமாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்கள் அத்தனையும் ஒரு பெண்ணுடையவை. குரோமோசோம் பொய் சொல்லாதாம்.

விஷயம் இதுதான். ஸ்ரீராம்புரத்தில் சுந்தரமூர்த்தி என்று ஒருத்தர், மாநகராட்சி லாரி டிரைவர். நாற்பத்தாறு வயசில் ஒரு நாள், இருபது வருஷமாகப் போய்வந்த டிப்போவுக்கு வழி தெரியாமல் நடுரோட்டில் லாரியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பாவுக்கும் அதே வயசில் அதே கதி, அத்தைக்கும் அதே கதி. வம்சத்தோடு வருகிற மறதி நோய். அது மூளையில் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்க உயிரோடு இருக்கிற மனுஷனின் மண்டையைத் திறக்க முடியுமா? அதனால் ரத்தம் எடுத்து, அந்தச் செல்களை எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மறுபடி மாற்றி, அதிலிருந்து மூளைச் செல்களை வளர்க்கிறார்கள். ஒரு தட்டில் மூர்த்தியுடையது. பக்கத்துத் தட்டில், நோய் தொடாத தம்பி ரகுராமுடையது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது கெட்டது என்று தெரியும். வீடு வீடாகப் போய் ரத்தமும் கையெழுத்தும் வாங்கி வருவது ஜூலியாவின் வேலை.

பார்கவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கையெழுத்துப் போடாத ஒருத்தியின் செல்லை வைத்திருக்கக் கூடாது, அது யாரென்று கண்டுபிடித்து அவள் சம்மதித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பிளீச்சிங் ஊற்றிக் கொட்டிவிட வேண்டும் என்றாள். தம்பியிடம் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும். அதோடு ஒன்று சொன்னாள்.

"அவங்க கோபிச்சுக்கிட்டு எதுவுமே வேணாம்னு சொல்லிட்டா, மூர்த்தி சாரோட செல்லையும் அழிக்கணும் சிஸ்டர். நமக்கு இருக்கறது இந்த ஒரு குடும்பம்தான்."

யாருடைய ரத்தம் என்று ஜூலியா யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் மனுஷருக்கு முதலில் அடுத்தவர் மேல்தான் ஆத்திரம் வரும். ஜூலியாவுக்கும் ரகுராம் மேல் வந்தது.

என்ன ஆட்டம் காட்டினான் அவன். ஒரு நாள் ஏர்போர்ட் சவாரி என்பான். ஒரு நாள் வண்டிக்கு எஃப்.சி. என்பான். ஒரே மாமியாரை இரண்டு தடவை சாகடித்தான். ஆறாவது தடவை விடியற்காலையில் போய், வாயும் பிரஷ்ஷுமாக நின்றவனைப் பிடித்து இழுத்துவந்து அண்ணன் வீட்டில் உட்காரவைத்தார். அந்தச் சந்துகளில் நர்ஸ் ஊசியோடு நுழைந்தால் போதும், எனக்குச் சுகர் பாருங்க, எங்கம்மாவுக்குப் பாருங்க என்று வரிசை கட்டிவிடுவார்கள். ஊசியோடு வந்தவரைச் சும்மா அனுப்புவது அங்கே பாவம். ஜூலியா யாருக்கும் மசியமாட்டார். அன்றைக்கு மசிந்தது மூர்த்தியின் மனைவி சாந்தகுமாரிக்காக. பிள்ளையில்லாத வீட்டில் தனி ஆளாக ஐந்து வருஷமாக அந்த மனுஷனைக் கட்டி மேய்க்கிறவள், வாய் திறந்து ஒன்றும் கேட்காதவள், ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு ஏது நேரம் சிஸ்டர், எனக்கும் ஒரு சுகர் பார்த்துடுங்களேன் என்றாள். எப்படி மறுப்பது?

மூன்று மாச சராசரிச் சுகர் பார்க்கிற குழாய்க்கும் ஊதா மூடி. ஆராய்ச்சிக் குழாய்க்கும் ஊதா மூடி. ரத்தம் எடுத்த கை அசைவதற்கு முன்னால் பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும் என்பது சட்டம். ஜூலியாவே இருபது பேருக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம். அன்றைக்கு மட்டும் இரண்டையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம் என்று ரகுராமின் குழாயை அப்படியே வைத்துவிட்டுச் சாந்தாவிடம் உட்கார்ந்தார். அவள் கையிலிருந்து ஊசியை உருவுகிற நேரம் பார்த்து மூர்த்தி தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். ஆளாளுக்கு ஓடினார்கள். மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் பிடித்து அழைத்து வருவதற்கு அரை மணி நேரம். வந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ் மேல் இரண்டு குழாய். இடது பக்கம் ரகுராம், வலது பக்கம் சாந்தா என்று அடித்துச் சத்தியம் செய்கிற தைரியத்தோடு ஒட்டினார் ஜூலியா. அதுதான் வினை.

இந்தத் தடவை ஜூலியா தலையைக் குனிந்துகொண்டுதான் சந்துக்குள் நுழைந்தார். ரகுராமை அண்ணி வீட்டுக்கு வந்து நில் என்று போனிலேயே மிரட்டியிருந்தார். வந்திருந்தான். பாதாம் பால் பாட்டிலை உறிஞ்சிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே சாந்தா புருஷனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, டிப்போவுக்கு நேரமாச்சு என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சாந்தா எட்டு மாசத்தில் பாதியாக இளைத்திருந்தாள்.

சுற்றி வளைக்கத் தெரியாதவர் ஜூலியா. ரத்தம் மாறிப்போச்சு, தப்பு என்னுது, உனக்குச் சுகர் ஏறிக் கிடக்குன்னு வந்த ரிப்போர்ட் உன்னோடது இல்லை, இவனோடது என்று சொல்லி முடித்தார்.

சாந்தா சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். எட்டு மாசமாகச் சர்க்கரை இல்லாத காபி. தினமும் வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸ். அரிசியைத் தொடாமல் மூணு வேளையும் ராகி முத்தே, வெறும் களி உருண்டை. தங்கச்சி மகள் கல்யாணத்தில் இலையில் வைத்த மைசூர்பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாளாம். எதிர் இலையில் உட்கார்ந்து இவன் நாலு ஜிலேபி தின்றானாம். ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை பாரு என்று நீங்கள் சொன்னது வாஸ்தவம்தான், இந்த ஆளை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது, நீங்கள் வந்து உட்காருவீர்களா என்று கேட்டாள்.

ரகுராம் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டிருந்தான். ஜூலியா பையிலிருந்து சுகர் பார்க்கிற மிஷினை எடுத்து இரண்டு பேர் விரலிலும் குத்தினார். சாந்தாவுக்குத் தொண்ணூற்றாறு. ரகுராமுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. இத்தனை நாள் ஓடி ஒளிந்தவன், சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டு, எத்தனை குழாய் வேணுமோ எடுத்துக்குங்க சிஸ்டர் என்று நீட்டினான். ஜூலியா எடுத்தார். கையைப் பிடித்த பிடியை விடாமலே சீட்டை ஒட்டினார். நாளைக் காலையில் டாக்டரிடம் போகாவிட்டால் ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்து மானத்தை வாங்குவேன் என்றும் சொல்லிவைத்தார்.

இனிமேல்தான் கஷ்டமான பாகம். சம்மதப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொண்ணு இருக்கு சாந்தா என்றார்.

தன் ரத்தத்திலிருந்து மூளைச் செல் வளர்த்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு முதலில் ஏறவில்லை. ஏறியதும் அவளுக்கு வந்தது எரிச்சல்தான். யாரைக் கேட்டு வளர்த்தீங்க என்றாள். நியாயம். யாரையும் கேட்கவில்லை என்று ஜூலியா ஒப்புக்கொண்டார். இதில் கையெழுத்துப் போட்டால் வைத்திருப்பார்கள், வேண்டாம் என்றால் இன்றைக்கே கொட்டிவிடுவார்கள், மூர்த்தியுடையதையும் சேர்த்து நிறுத்தச் சொன்னாலும் அது உன் உரிமை, யாரும் கேள்வி கேட்க மாட்டோம் என்றார். சொல்லும்போதே, நிறுத்துங்கள் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று ஜூலியாவுக்குத் தோன்றியது.

சாந்தா படிவத்தைப் பார்க்கவில்லை. எச்சில் கையைக் காற்றில் பிடித்தபடியே கேட்டாள்.

"அது உசுரோட இருக்கா சிஸ்டர்?"

"இருக்கும்மா."

"எப்படி இருக்கும்? என்ன திங்கும்?"

ஜூலியா தெரிந்ததைச் சொன்னார். கதகதப்பான பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். சத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், பழசை எடுத்துவிட்டுப் புதுசு விடுவார்கள். ஒரு நாள் தவறினால் வாடிப்போகும். அதற்காகவே ஒரு பெண் வருகிறாள், தசரா லீவிலும் வந்தாள், மழையில் ரோடெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்ற அன்றைக்கும் நடந்தே வந்து ஊற்றிவிட்டுப் போனாள்.

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமையும்தான்."

மூர்த்தி வாயில் ஒதுக்கி வைத்திருந்த சோற்றைத் தரையில் துப்பினார். சாந்தா பழந்துணியை எடுத்துத் துடைத்தாள். அவர் வாயையும் துடைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து புடவையில் ஒற்றினாள். அடுப்படியில் அவளுடைய முத்தே, மூடாத தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது.

"கொட்ட வேணாம்" என்றாள். "அஞ்சு வருஷமா நீ சாப்ட்டியான்னு என்னை ஒரு நாய் கேட்டதில்ல. அங்கயாச்சும் ஒருத்தி எனக்கு வேளாவேளைக்கு ஊத்திக்கிட்டு இருக்கா. இருக்கட்டும் சிஸ்டர், நடக்கட்டும்."

பேனாவுக்குக் கை நீட்டினாள். ஜூலியா படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று விரலால் மட்டும் காட்டினார்.