புருவம் அசையக் கூடாது

நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதருக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அது லேசில் போகாது. ‘புருவம் சார்’ என்ற பெயர் அப்படித்தான் அவரோடு ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை. புருவம்தான் அவரைச் சந்தி சிரிக்க வைத்தது.

‘ஒன்பது கல்’ என்பது டிராகன்களும் பூதங்களும் சூனியக்காரிகளும் அச்சடித்த அட்டைகளைச் சேர்த்து வைத்து, அதிலிருந்து பொறுக்கி எடுத்த ஒரு கட்டோடு இரண்டு பேர் மோதும் விளையாட்டு. ஆளுக்கு ஒன்பது கல்லோடு ஆரம்பிப்பார்கள். முதலில் கல்லையெல்லாம் பறிகொடுத்தவர் தோற்றார். கேட்க எளிது. ஆனால் அட்டைகள் நான்காயிரத்துச் சொச்சம், விதிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. அட்டைகளை அச்சடிக்கும் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்களின் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவதுதான் புருவம் சாரின் வேலை. பதினோரு வருஷமாக அதேதான்.

நாளைக்கு நாற்பது கேள்வியாவது வரும். ‘என் டிராகனை வீட்டு நாய் கடித்துவிட்டது, பல் பதிந்த அட்டையை வைத்து ஆடலாமா?’ (பின்பக்கம் பார்த்து அடையாளம் தெரியாத வரை ஆடலாம்.) ‘தோற்ற கோபத்தில் என் மைத்துனர் அட்டையை மென்று விழுங்கிவிட்டார். அது செத்த உயிர் என்று கணக்கா?’ (கணக்கில்லை. மருத்துவரைப் பாருங்கள்.) எவ்வளவு கோணலான கேள்வியானாலும் அவர் சம்பந்தப்பட்ட அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுவார். அந்த விதிப் புத்தகத்தில் தனக்குத் தெரியாத மூலை முடுக்கு இல்லை என்பது அவருடைய நினைப்பு. கொஞ்சம் கர்வம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

போட்டிகளின்போது அவரை நடுவராகவும் அழைப்பார்கள். ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் ஆட்டக்காரர் கையைத் தூக்கி நடுவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்கலாம். இதில் கண்டிப்பான ஒரு விதி உண்டு. நடுவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். எதிரே வெற்றி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாலும், கேட்காத ஒன்றைச் சொல்லக் கூடாது, காட்டவும் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அரையிறுதியில் ஒருவர், “இதைப் போட முடியுமா சார்?” என்று கேட்டார். “முடியாது” என்று புருவம் சார் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய இடது புருவம் எழுந்து, பக்கத்தில் கிடந்த இன்னோர் அட்டையைப் பார்த்தது. ஆட்டக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு ஜெயித்துவிட்டார். எதிராளி புகார் கொடுக்க, வீடியோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் திரை முழுக்கப் புருவமாகவே நின்றது. ஜெயித்தவருக்கு வெற்றி போயிற்று, இவருக்கு நடுவர் பதவி போயிற்று. அதற்கப்புறம் கடிதப் பதில் மட்டும்தான். எழுத்துக்குப் புருவம் கிடையாதே.

“உங்க முகத்துல எதுவும் தங்காதுங்க,” என்று அவர் மனைவி சிரித்தாள். “என் பிறந்தநாளுக்கு நீங்க புடவை வாங்கினா, நீங்க செருப்பைக் கழட்டறதுக்குள்ள எனக்குக் கலர் தெரிஞ்சுடுது.”

அப்படிப்பட்டவரைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, இறுதி ஆட்டத்துக்கு நடுவராக நிறுத்த வேண்டி வந்தது. இருந்த ஒரே நல்ல நடுவருக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. தலைமை நடுவர் அம்மாள் வேறு வழியில்லாமல் இவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சார், வீடியோ உங்க முகத்து மேலயேதான் இருக்கும். மறுபடியும் ஏதாவது அசைஞ்சுது, கேள்வி கேட்டவங்களுக்கு ஆட்டம் போச்சு. நீங்க இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியாது. புரியுதா?”

“புரியுது மேடம்,” என்றார். அப்போதே புருவம் ஒரு தரம் துடித்தது.

மண்டபத்தில் முந்நூறு நாற்காலி, ஒன்றுகூடக் காலியில்லை. நடுவில் ஒரு மேசை, மேலே ஒரு விளக்கு. ஒரு பக்கம் மூன்று வருஷமாகத் தோற்காத கணக்கு வாத்தியார், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஆடுகிறவர். மறுபக்கம் லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு பெண். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் அவளுடைய நகத்தில் இருந்தது. இறுதிச் சுற்றுக்கு அவள் வந்தது அவளைத் தவிர எல்லோருக்கும் ஆச்சரியம்.

அதுவும் எப்படிப்பட்ட கட்டை வைத்துக்கொண்டு! அதில் ‘கிழட்டுக் காக்கை’ இருந்தது. பலம் ஒன்று. ஓர் அடிக்கு ஒரு கல். சின்னப் பிள்ளைகள்கூடச் சீண்டாத அட்டை.

மாலை நாலே காலுக்கு நிலைமை இதுதான். வாத்தியாரிடம் ஐந்து கல், மேசையில் ஒரு சாம்பல் டிராகன், கையில் கவிழ்த்து வைத்த ஒரே ஓர் அட்டை. டிராகன் ஓர் அடியில் ஐந்து கல்லைப் பறிக்கும். பறப்பதால் அதைத் தடுக்கவும் ஆகாது. லிஃப்ட்காரப் பெண்ணிடம் இரண்டு கல், மேசையில் இந்த முறைக்கான ஒரே அடியை அடித்து முடித்துவிட்ட அந்தக் காக்கை, கையில் இரண்டு அட்டை. வாத்தியாரின் அடுத்த முறை வந்தால் டிராகன் அடிக்கும், கதை முடியும். இருந்ததெல்லாம் அவளுடைய இந்த ஒரு முறைதான். பின்வரிசையில் ஒருவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பவே ஆரம்பித்துவிட்டார்.

அவள் கையைத் தூக்கினாள்.

புருவம் சார் அவளைச் சுவரோரமாக அழைத்துப் போனார். வீடியோக்காரர் பின்னாலேயே வந்தார். அவள் சட்டென்று திரும்பி, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்து நின்றுகொண்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க முகத்தைப் பார்க்க வேணாம்னு நெனைக்கறேன். இப்படியே நின்னு கேக்கறேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதில் நியாயம் இருந்தது. “கேளுங்கம்மா,” என்றார்.

தோளுக்கு மேலாகத் தன் இரண்டு அட்டைகளையும் அவருக்கு மட்டும் தெரியும்படி காட்டினாள். ஒன்று ‘சாயல்’: மேசையில் உள்ள ஓர் உயிரை, அந்த முறை முடியும் வரை, இன்னோர் உயிராக மாற்றும். மற்றது ‘தீக்குச்சி’: பலம் ஒன்றே உள்ள ஓர் உயிரைக் கொல்லும். டிராகனிடம் போய்த் தீக்குச்சியை நீட்டினால் அது சிரிக்கும்.

“சாயலை எதிராளியோட உயிர் மேல போடலாமா?”

“போடலாம்.”

“அப்படிப் போட்டா படம் மட்டும் மாறுமா, எல்லாமே மாறுமா?”

“எல்லாமே. பேரு, பலம், அட்டையில எழுதியிருக்கறது, எல்லாம்.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோரும் சாயலைச் சின்னதைப் பெரியதாக்கத்தான் போடுவார்கள். பெரியதைச் சின்னதாக்கினால்? டிராகனைக் காக்கையாக்கினால் அதன் பலம் ஒன்று. பலம் ஒன்று என்றால் தீக்குச்சி பற்றும். டிராகன் காலி! அவருடைய மூச்சு அப்படியே நின்றது. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வழியை அவர் பார்த்ததில்லை. அடுத்த கேள்வி, ‘அதைத் தீக்குச்சியால கொல்லலாமா?’ என்பதுதான். கேளும்மா, கேளு, என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தார். முகத்தில் மட்டும் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். வீடியோவின் சிவப்பு விளக்கு கண்ணெதிரே எரிந்தது.

அவள் கையிலிருந்த இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கினாள். பிறகு கேட்டாள்:

“முறை முடிஞ்சு சாயல் கலைஞ்சா, அந்த உயிர் எந்தப் பக்கம் இருக்கும்?”

இதென்ன கேள்வி? அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வாசல்படி வரைக்கும் வந்துவிட்டு வேறு தெருவுக்குப் போகிறாளே! “எந்த இடத்துல இருக்கோ அதே இடத்துல பழைய உருவத்துக்கு வரும். நானூற்று ஏழாவது விதி,” என்றார்.

“கடைசியா ஒண்ணு. காக்கை அட்டையில இருக்கறதை வாசிச்சுக் காட்டுங்க சார்.”

ஆட்டக்காரர் கேட்டால் வாசிக்க வேண்டும். அவர் புத்தகத்தைப் புரட்டி வாசித்தார்: “காக்கை ஒன்று செத்தால், மேசையில் உள்ள மற்றக் காக்கைகள் எல்லாம் செத்த காக்கையின் சொந்தக்காரரிடம் வந்து சேரும்.” வாய்தான் வாசித்தது. மனசு முழுக்க டிராகனையும் தீக்குச்சியையும் மூடி மறைப்பதிலேயே இருந்தது. தான் என்ன வாசித்தோம் என்பதே அவர் காதில் ஏறவில்லை.

“சரி சார்,” என்று அவள் நாற்காலிக்குத் திரும்பினாள்.

மேசைக்கு வந்ததும் சாயலை எடுத்து டிராகன் மேல் வைத்தாள். “இது இப்ப காக்கை.” கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வாத்தியார் லேசாகத் தலையாட்டினார். புருவம் சார் உள்ளுக்குள் துள்ளினார். கண்டுபிடித்துவிட்டாள்! இனி தீக்குச்சி ஒன்றுதான் பாக்கி.

அவள் தீக்குச்சியை எடுத்தாள். கை டிராகன் பக்கம் போகவில்லை. தன்னுடைய கிழட்டுக் காக்கையின் மேல், தன்னிடம் இருந்த ஒரே உயிரின் மேல், அதை வைத்தாள்.

மண்டபத்தில் ஒருவர் ‘ஐயோ’ என்றார். வாத்தியாரே ஒரு கணம் விழித்தார்.

“என் காக்கை செத்துது,” என்றாள் அவள். “மத்த காக்கை எல்லாம் என்கிட்ட வரணும்.”

கையை நீட்டி, சாயல் மூடிய டிராகனை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, “என் முறை முடிஞ்சுது,” என்று சொல்லி, சாயலை எடுத்தாள். சாம்பல் டிராகன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

புருவம் சாருக்கு மெய்சிலிர்த்தது. உச்சந்தலை வரைக்கும் ஜிலீரென்று ஏறியது. எத்தனை நூறு தடவை அந்தக் காக்கை வரியை வாசித்திருக்கிறார்! ஒரு காக்கை செத்தால் மற்றதெல்லாம் கூடும் என்பது தெருவில் போகிற எவருக்கும் தெரியும். அதைத்தான் யாரோ அட்டையில் எழுதி வைத்தார்கள். எதிராளியின் டிராகனையே காக்கையாக்கிவிட்டால் என்று யாரும் யோசிக்கவில்லை, எழுதினவரும் யோசித்திருக்க மாட்டார். யாரும் வைக்காத ஒன்று அத்தனை வருஷம் அந்தப் புத்தகத்துக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. அவர் அதன்மேல் தினமும் நடந்து போயிருக்கிறார். தான் பொத்திப் பொத்தி மறைத்த வழி அவருக்கு இப்போது எவ்வளவு சின்னதாகத் தெரிந்தது!

“நடுவர்!” வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். “என் டிராகன் அந்தப் பக்கம் போறது செல்லுமா?”

புருவம் சார் டிராகனை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். “செல்லும். காக்கையா போச்சு, டிராகனா ஆச்சு. இருந்த இடத்துலயே ஆச்சு. செல்லும்.”

வாத்தியார் தலைமை நடுவரைப் பார்த்தார். அந்த அம்மாள் விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு, “செல்லும்,” என்றார். அம்மாளுடைய இரண்டு புருவமும் நெற்றியின் நடுவில் நின்றன.

வாத்தியார் உட்கார்ந்து மேசையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த கடைசி அட்டையைத் திருப்பி வைத்தார். ‘மீட்பு’: செத்துப்போன தன் உயிர் ஒன்றைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவரும்.

“நீ டிராகனைக் கொளுத்துவேன்னு இதை வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்மா,” என்றார். “உடனே எழுப்பியிருப்பேன். இப்ப என்கிட்ட செத்தது ஒரு தவளைதான் இருக்கு. அது பறக்கற டிராகனைத் தடுக்காது, அடுத்த அடியில என் அஞ்சு கல்லும் போச்சு.” சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அதற்கப்புறம் முந்நூறு பேரும் எழுந்து போட்ட சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடியோவைப் பார்த்த தலைமை நடுவர், “புருவம் அசையவே இல்லை சார்,” என்று கை குலுக்கிவிட்டுப் போனார். கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்ட்காரப் பெண் அவரிடம் வந்தாள்.

“சார், டிராகனைக் கொளுத்தறதைத்தானே நீங்க பார்த்தீங்க?”

அவருக்குத் திக்கென்றது. “நீங்க என் முகத்தைப் பார்க்கவே இல்லையே?”

“முகத்தைப் பார்க்கலை. மூச்சு நின்னுது, காதுல விழுந்துச்சு.” அவள் கோப்பையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். “அந்த ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன் சார். இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் அதைப் பார்த்துதான் மூச்சு அடைக்கறார்னா அதுதான் வழியோ, நான்தான் தப்பா யோசிக்கறேனோன்னு. அப்படியே போயிருந்தா தோத்திருப்பேன். அதனாலதான் காக்கையை வாசிக்கச் சொன்னேன். உங்க வாயால கேட்டதும்தான் தைரியம் வந்துச்சு.”

தன் மூச்சு அவளைத் தோற்கடிக்கப் பார்த்திருக்கிறது. தான் வாசித்தும் தனக்கே கேட்காத ஒரு வரி அவளைக் காப்பாற்றியிருக்கிறது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

“ஒரு தடவை, எனக்காக, மறுபடியும் போட்டுக் காட்டுவீங்களா?”

அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பினாள். இந்தப் பக்கம் காக்கை, அந்தப் பக்கம் டிராகன், அதன் மேல் சாயல். தீக்குச்சியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“நீங்களே வைங்க சார்.”

விடை தெரியும். கண்ணால் பார்த்தாயிற்று, வாயால் தீர்ப்பும் சொல்லியாயிற்று. அப்படியும் அவருடைய கை தன்னால் டிராகன் பக்கம்தான் போயிற்று. அவள் சிரித்துவிட்டாள். பாதி வழியில் நின்ற கையை அவர் கஷ்டப்பட்டுத் திருப்பி, மேசையின் இந்தப் பக்கம், அந்த ஒற்றைக் காக்கையின் மேல் தீக்குச்சியை வைத்தார்.