சாரம் கரைந்த இடம்

கட்டியை எடுத்தபோது தையல்காரியின் கீழ்த்தாடையில் இடப்பக்கம் இரண்டு விரல் அகல எலும்பும் அதிலிருந்த இரண்டு பல்லும் கூடவே போய்விட்டன, கண்ணுகளா. டாக்டரம்மா அந்தப் பள்ளத்தில் கட்டடத்துக்குக் கட்டுவதுபோல, தேன்கூடு மாதிரி சின்னச் சாரம் கட்டி, இவள் இடுப்பெலும்பு மஜ்ஜையை அதில் ஊறவைத்துத் தைத்து மூடினார். "எலும்பு அதுபாட்டுக்கு ஏறி வரும். ஒன்பது மாசம் எதையும் கடிச்சு இழுக்காதீங்க. வரலைன்னா காலெலும்புலேர்ந்து வெட்டி வைக்கணும்."

கால் போனால் தையல் மிஷினை யார் மிதிப்பது?

ஐந்து மாதம் பத்தியமாகத்தான் இருந்தாள். ஆறாவது மாதம், பள்ளிச் சீருடை மலைபோல் குவிந்த ஒரு நாளில், பொத்தான் தைத்த கையோடு நூலை வெடுக்கென்று கடித்துவிட்டாள். இருபது வருஷப் பழக்கம், கத்தரிக்கோல் மடியிலேயே கிடந்தது. தாடைக்குள் சுருக்கென்றது. நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள்.

"வாய்க்குப் பூட்டுதான் வாங்கணும் அண்ணி," என்றாள் அவள்.

ஒன்பது மாதம் முடிந்து இன்று ஸ்கேன். நாத்தனாரும் கூட வந்திருந்தாள். டாக்டரம்மா வாயைத் திறக்குமுன் இவள் முந்திக்கொண்டாள்: "நான் நூலைக் கடிச்சிட்டேன்மா."

"முதல்ல படத்தைப் பாருங்க."

பழைய படத்தில் இருட்டுப் பள்ளம். புதியதில் அதே இடம் வெளுத்து நிறைந்திருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு நகக்கண் அளவு குழி.

"கால் தப்பிச்சுது. இந்தக் குழி நீங்க கடிச்சதாலயா, ரத்த ஓட்டம் போதாததாலயான்னு எனக்கே தெரியல. ரெண்டு பல்லுக்குப் பதிலா ஒன்னுதான் ஸ்குரூ போட்டு நிறுத்தலாம். பல்லையே முளைக்கவைக்க எங்களால இன்னும் முடியல. கட்டியோட நரம்பும் போனதால இடப்பக்க உதடு மரத்துக் கிடக்கறதும் சரியாகும்னு சொல்லமாட்டேன்."

இவள் காதில் பாதிதான் விழுந்தது. வலப்பக்கத்து வளைவுக்கு ஜோடியாக இடப்பக்கம் வளைந்து நின்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரம் எங்கம்மா?"

"கரைஞ்சு போச்சு. இப்ப அங்க இருக்கறது முழுக்க நீங்கதான்."

தான் தைத்துக்கொண்டும் அடுப்பூதிக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்த நேரமெல்லாம், தனக்கே தெரியாமல் தன் உடம்பு இதைச் செய்திருக்கிறது. விரலால் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது.

"என்ன அண்ணி, அழறீங்களா?"

"இல்லடி. மரத்த பக்கம் எச்சில் வழியுதான்னு பாரு, எனக்குத் தெரியாது. துடைச்சு விடு."

நாத்தனார் முந்தானையை எடுத்தாள். இவள் கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை.