மூன்றாவது திருகு

"இன்னும் ஒண்ணு இருக்குடி!"

போனில் அப்பாவின் குரல் கீறிக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற கேரவன் என்ற வீட்டுவண்டிக்குள் கவிழ்ந்து படுத்திருந்த இங்குன், டார்ச்சைக் கழுத்தில் இடுக்கியபடி இருக்கைக்கு அடியில் கையை விட்டாள். இரண்டு திருகைத் திறந்து தண்ணீரை வடித்தாயிற்று. மூன்றாவது எங்கே என்பது அப்பா ஒட்வாருக்கு மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக வேறு யாரையும் அதில் கைவைக்க விட்டவரில்லை.

ராத்திரி மைனஸ் பன்னிரண்டாம், ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். வடக்கே இந்த ரோரோஸ் மலையூர்ப் பக்கம் அக்டோபர் என்றால் அப்படித்தான். குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடித்துவிடும். அப்புறம் கோடையில் அம்மாவைக் கடலுக்குக் கூட்டிப்போவது எப்படி? அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். கோடை வரை அவர் இருக்கமாட்டார் என்பது மூவருக்குமே தெரியும்.

"சுடுதண்ணி டேங்குக்குப் பின்னாடி பாரு. மஞ்சளா, கட்டைவிரல் தண்டி."

"கை போகலப்பா."

"வாஃபிள் பலகாரமா தின்னு வளத்த கை, எப்படிப் போகும்?"

மாடியில் அவர் பக்கத்திலிருந்து அம்மா போர்கில்டின் சத்தம்: "சாகப்போற மனுஷனுக்கு வாயப் பாரு!"

மூவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே இங்குனின் விரலில் ஏதோ தட்டியது. திருகினாள். வண்டிக்கு அடியில் மடமடவென்று கொட்டியது.

"வந்திருச்சுப்பா! வந்திருச்சு!"

"பாத்துட்டேன்! போர்கில்ட், அங்க பாரு, ஆறாட்டம் ஓடுது!"

இதைப் பார்க்கத்தான் கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லியிருந்தார்.

இங்குனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மெத்தைகளை நிமிர்த்தினாள். அலமாரிகளைத் திறந்துவிட்டாள். ஈரம் இழுக்க ஒரு கிண்ணம் கல்லுப்பு வைத்தாள். வெளியே வந்து வண்டிமேல் உறையை இழுத்துப் போர்த்தினாள்.

"உள்ள குழாயெல்லாம் தெறந்துதான இருக்கு? மூடினா மிச்சத் தண்ணி நின்னுக்கும்."

"தெறந்துதான்பா இருக்கு."

"கெட்டிக்காரி."

அதற்குப் பிறகு பேச்சில்லை. களைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு உறையின் ஆறு கயிற்றையும் கட்டி முடித்தாள். வெளிச்சம் இறங்கிவிட்டது. கைகள் விறைத்திருந்தன. ஆனாலும் படியில் ஓடித்தான் ஏறினாள்.

அறை சில்லென்றிருந்தது. அம்மா ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அப்பாவுக்குக் குளிருமேம்மா" என்று சொல்ல வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். பிரிந்த உயிர் வெளியே போக வழிவிடத்தான் இங்கே ஜன்னலை அப்படித் திறந்துவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

அப்பாவின் கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மார்மேல் கிடந்த போனில் அழைப்பின் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் வடிந்ததும், வீட்டில் செய்கிற பழக்கத்தில் இரண்டு குழாயையும் இறுக மூடியிருந்தாள்.

எழுந்தாள்.

"எங்கடி போற?"

"இந்தா வந்துடறேம்மா."

இரண்டு கயிற்றை அவிழ்த்து, உறைக்கு அடியில் நுழைந்து, இருட்டில் தடவிக்கொண்டே உள்ளே போனாள். சமையல் தொட்டிக் குழாயைத் திறந்தாள். பிறகு குளியல் குழாயை. அதில் ஒரு வாய்த் தண்ணீர் வந்தது, பிறகு வெறும் காற்று.

சட்டைப்பைக்குள் போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. அதில் திறந்த ஜன்னலின் திரை படபடப்பது கேட்டது.