மோமிரின் பெயரில் மின்சாரம்

...அப்படியானால் இவள் இருக்கிறாள் என்பதற்கு இவள் முகம் போதாது, அடையாள அட்டை போதாது, அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எடுத்த படமும் போதாது, அதிலும் கட்டைவிரல் ஓர் எண்ணை மறைக்கிறதாம், திரும்ப எடு, எடுத்தால் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறதாம், திரும்ப எடு, கடைசியில் எல்லாம் சரி அன்பு வாடிக்கையாளரே, இன்னும் ஒன்றே ஒன்று, முகவரிக்குச் சான்றாக மூன்று மாதத்துக்குள் உங்கள் பெயரில் வந்த ஒரு மின்கட்டண ரசீது... மின்சார அலுவலக வரிசையில் நின்றபடி நெவெங்கா கைப்பேசியை மறுபடி திறந்து பார்த்தாள். இணையச் சூதாட்டத் தளத்திலிருந்து லியோ என்று கையெழுத்துப் போடும் அந்த ஆள், ஆளோ இயந்திரமோ, கடைசியாக எழுதியது அப்படியே இருந்தது, உங்கள் பொறுமைக்கு நன்றி. பொறுமையா? யாருக்கடா இங்கே பொறுமை இருக்கிறது? அந்தச் சூதாட்டத் தளத்தில் இவள் பணம் கட்டியபோது இந்த லியோ எங்கே போயிருந்தான், நீ யார், எந்தத் தெரு, உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டானா, வங்கி அட்டை எண்ணை அடித்து முடிப்பதற்குள் வாங்கிப் போட்டுக்கொண்டான், கட்டிய அளவுக்கே போனஸ் என்று திரையில் வாணவேடிக்கை வேறு காட்டினான். ஜெயித்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் கைக்கு வாதம் வந்துவிடுகிறது.

இவள் பெயரில் ரசீது வேண்டுமாம். இந்தப் பாஞ்செவோ ஊரில் யார் வீட்டு ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று அந்த லியோவுக்கு என்ன தெரியும்? வருகிற சனிக்கிழமையோடு கணவர் மோமிர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம், ரசீது மட்டும் மாதம் தவறாமல் அவருக்கு வந்துகொண்டிருக்கிறது, மதிப்பிற்குரிய மோமிர் என்று, அவளும் கட்டிக்கொண்டிருக்கிறாள், அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருப்பதும் அவர் பெயர்தான், மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. சோம்பலா, ஆசையா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளேன். மாதத்தில் ஒரு நாளாவது தபால்காரி படியில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகப் படிப்பாள்... பின்னால் நின்ற மேல்மாடி ஸ்தோயான் எட்டிப் பார்த்தார், கட்டணம் கட்ட வந்தவர், சும்மா நிற்க மாட்டாரே. "என்ன நெவெங்கா, பேரு மாத்தவா வந்த? உனக்கென்ன பைத்தியமா? எங்க வீட்டுக் கரண்டு இன்னும் மாமனார் பேர்லதான் ஓடுது. உயிரோட இருந்தப்ப பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல, செத்தப்புறம் வீடு பூரா வெளிச்சம் குடுக்கறாரு மனுஷன்." முன்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "பையன் கேட்டான்" என்றாள் நெவெங்கா. "போயானா? அவன் லின்ஸ்ல உக்காந்துக்கிட்டு உங்க வீட்டு பில்ல வச்சு என்ன பண்ணப்போறான்?" "யாருக்குத் தெரியும். வெளிநாட்டுல எல்லாத்துக்கும் காகிதம் கேக்கறாங்களாம்." பொய்யில் பாதி உண்மையாகவே இருந்தது, அதனால் அவ்வளவாகக் கூசவில்லை. போயானுக்குத் தெரிந்தால்? தெரிந்தால் கத்தமாட்டான், அதுதான் மோசம், அம்மா என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவான்.

கல்தச்சன் இல்யா கத்துவான். மீதிப் பணம் வந்தால்தான் கல்லறைக் கல்லை வண்டியில் ஏற்றுவேன் என்று நேற்றும் சொல்லிவிட்டான், அவன் மேலும் தப்பில்லை, சனிக்கிழமை வருட நினைவுக்கு ஊரே கல்லறைக்கு வரும், மோமிரின் தங்கை குடும்பத்தோடு வருவாள், இறந்தவர் நினைவாகக் கொடுக்கிற வேகவைத்த கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, ஒரு வருடமாகியும் இன்னும் மரச்சிலுவைதானா என்று கண்ணாலேயே கேட்பாள். கறுப்புக் கல், இடது பக்கம் மோமிர், வலது பக்கம் நெவெங்கா, பிறந்த வருடம், ஒரு கோடு, அப்புறம் வெற்றிடம். "இப்பவே போட்டுட்டா மலிவுக்கா, அப்புறம் கல்லறைக்கே வந்து செதுக்கணும்னா உங்க பையன் தலையிலதான் விழும்" என்று இல்யா சொன்னான், நியாயம்தானே, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், படம்கூடக் கொடுத்தாள், கொஞ்சம் இளமையான படமாகப் பார்த்து. ஆக இவள் பெயர் அழுத்தமாக எழுதியிருக்கிற ஒரே இடம் இல்யாவின் பட்டறையில் சாய்ந்து நிற்கிறது. அதைப் படம் பிடித்து லியோவுக்கு அனுப்பினால் என்ன? இதுதான் ஐயா என் நிரந்தர முகவரி, மூன்று மாதத்துக்குள் செய்ததுதான், முகமும் சேர்ந்தே இருக்கிறது, கட்டைவிரல் எதையும் மறைக்கவில்லை... சிரிப்பு வந்தது. கல்லுக்கென்று எடுத்து வைத்த பணத்தைத்தானே அந்தச் சூதாட்டத் தளத்தில் கொண்டுபோய்க் கரைத்தாள்? வீடு சும்மா கிடந்தது, எதிர் நாற்காலி சும்மா கிடந்தது, அந்தச் சக்கரங்கள் சுற்றினால் ஏதோ ஒரு சத்தமாவது இருந்தது. போனதைத் திரும்பப் பிடித்தும் விட்டாளே, அதைச் சொல்லமாட்டார்கள். ஜெயித்ததை எடுக்க வேண்டுமென்றால் போனஸ் தொகையைப் போல் முப்பத்தைந்து மடங்கு பந்தயம் கட்டிச் சுற்ற வேண்டும், ஒரு சுற்றுக்கு ஐந்து யூரோவுக்கு மேல் போகக்கூடாது, எல்லா நிபந்தனைகளையும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி படித்து, ஒரு சுற்றுகூடத் தவறாமல் முடித்து, எடு என்ற பொத்தானை அழுத்தியபோது பச்சையாக இருந்த தொகை பரிசீலனையில் என்று சாம்பல் நிறமானது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள். சாம்பல் நிறம் என்றால் யாரும் தொடமுடியாது. அவளும்.

"அடுத்தது யாரு?" கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குப் போயான் வயதுதான் இருக்கும், இறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு வருஷம் ஆகப்போகுதேம்மா. இத்தன நாள் விட்டுட்டு இப்ப என்ன திடீர்னு?" எல்லாரும் ஏன் இதையே கேட்கிறார்கள்? "மறந்துட்டேன்மா" என்றாள். மறந்தாளாம்! அந்தப் பெண் தட்டச்சுப் பலகையில் ஏதோ அடித்தாள், நின்றாள், "அவர் பேரை எடுத்துடறேன், சரியா? எடுத்தா திரும்பப் போடமுடியாது" என்றாள், சும்மா கேட்கவேண்டிய கேள்வி, தினமும் கேட்பதுதான், ஆனாலும் நெவெங்காவுக்கு ஓங்கி ஓர் அறை விட்டது போல இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தால்? நடந்தால் கல் வராது, கல் வராவிட்டால் அவர் பெயர் எங்கேதான் இருக்கும், அவர் பெயரைக் கல்லில் நிற்க வைக்கத்தான் அவர் பெயரை எடுக்கிறாள், இது எந்த ஊர் நியாயம், எல்லாம் அந்த லியோவால்... "எடுத்துடுங்க" என்றாள். ஒரு விசை, அவ்வளவுதான், அச்சு இயந்திரம் முனகியது, புது ரசீதுத் தாள் சூடாக வெளியே வந்தது, மதிப்பிற்குரிய நெவெங்கா என்று.

கூடத்தின் ஓர பெஞ்சில் உட்கார்ந்து தாளை மடியில் நீவி விட்டு, நிழல் விழாமல், விரல் படாமல் படமெடுத்து அனுப்பினாள். இந்தாடா, பார்த்துக்கொள். இன்றைக்குச் செவ்வாய், பணம் நாளைக்கு வந்தால்கூடப் போதும், வெள்ளிக்கிழமை இல்யா வண்டியை எடுத்துவிடுவான்... பதில் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அன்பு வாடிக்கையாளரே, உங்கள் ஆவணம் ஏற்கப்பட்டது, வாழ்த்துகள். உங்கள் கோரிக்கையின் காலக்கெடு நேற்றோடு முடிந்துவிட்டதால் தொகை உங்கள் விளையாட்டுக் கணக்குக்கே திரும்பிவிட்டது. நீங்கள் மீண்டும் கோரலாம். காத்திருந்ததற்கு எங்கள் அன்பளிப்பாக இருபது இலவசச் சுற்றுகள். லியோ. திருடர்கள், தாமதம் செய்ததும் அவர்களே, தாமதமாகிவிட்டது என்பதும் அவர்களே, இப்போதே எடு என்று அழுத்தினால் வெள்ளிக்குள் வந்துவிடலாம், அழுத்து, அழுத்தேன்... தளத்தைத் திறந்தாள். தொகை பச்சையாக இருந்தது. மேலே எடு, கீழே விளையாடு, இரண்டு பொத்தான்கள். உடம்பெல்லாம் கோபம்தான், சந்தேகமே இல்லை, ஆனால் கோபத்துக்கு முன்னால், ஒரே ஒரு கணம் முன்னால், அந்தப் பச்சையைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ குதித்ததே, அது என்ன? சந்தோஷமா? இத்தனை நாள் லியோவைத் திட்டித் தீர்த்தாளே, பணம் வரவில்லை என்றா திட்டினாள், இல்லை, அதைத் தொட்டு விளையாட முடியவில்லை என்றா...

ஸ்தோயான் கட்டணம் கட்டிவிட்டு வெளியே போகிற வழியில் அவளருகில் நின்றார். "என்ன, பேரு மாறிடுச்சா?"

"மாறிடுச்சு" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இருபது சுற்று, அதுவும் இலவசம், இலவசத்துக்குக் கல்லுப் பணத்தைத் தொடவே வேண்டாமே... மடியிலிருந்த தாள் நழுவி ஸ்தோயானின் செருப்பருகே விழுந்தது, அவர்தான் குனிந்து எடுத்து நீட்டினார். தன் கட்டைவிரல் எந்தப் பொத்தானின் மேல் நிற்கிறது என்பதை அவளே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.