இறக்கையை வெட்டாத படம்

என் கேமராவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்த தப்பு முழுவதையும் அதன் தலையில் கட்டிவிட முடியுமா என்று இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடியவில்லை.

அது ஒரு சூப்பர்ஜூம் கேமரா. லென்ஸைக் கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. பொத்தானை அழுத்தினால் மூக்கு நீண்டுகொண்டே போகும். ஏரிக்கு இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருக்கும் கொக்கின் கால் விரல்களை எண்ணலாம். எங்கள் பறவைக் குழுவில் மற்றவர்கள் பீரங்கி மாதிரி லென்ஸ்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். என் கேமராவைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சின்னக் குழந்தை வெறுங்கிண்ணத்தை நீட்டி "சாப்பிடு" என்றால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "உங்க கேமராவுல சென்சார் சின்னது சார், பின்னணி மங்காது," என்பார்கள். உண்மைதான். அவர்கள் படத்தில் பறவைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகியிருக்கும். என் படத்தில் வேலி, குப்பைத்தொட்டி, 'குளிக்காதீர்' பலகை எல்லாம் "உள்ளேன் ஐயா" என்று வரிசையாக நிற்கும்.

நான் பல்செட் செய்கிறவன். ஆறு நாள் யார் யாருடைய கடைவாய்ப் பற்களையோ இழைத்துக்கொண்டிருப்பேன். புதன்கிழமை விடுமுறை. அன்றைக்கு ஏரி.

அப்படி ஒரு புதன்கிழமைதான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அக்கரை நாணல் பக்கம் ஒரு நாரையைத் தேடி ஜூமை நீட்டிக்கொண்டே போனேன். நாரை கிடைக்கவில்லை. பெஞ்சில் ஒருவர் மடியில் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணி பத்தரை. பத்தரை மணிக்கு யாராவது மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்களா என்று நினைத்தபடி இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அந்த நீலப் பையை என் தங்கை தைத்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன்.

ஏரியைச் சுற்றி நடந்து போனேன். என்னைப் பார்த்ததும் அவர் டிபன் பாக்ஸை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை அழுத்தினார்.

"கிடங்கை மூடிட்டாங்க மச்சான். மூணு வாரம் ஆச்சு," என்றார். பதினாறு வருடம் அந்தக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர்.

"தங்கச்சிக்கு?"

"தெரியாது. காலையில எட்டு மணிக்குக் கிளம்பிடுவேன். நாலு இடத்துல கேட்டு வெச்சிருக்கேன்." டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார். "ஒண்ணே ஒண்ணு மச்சான். நான் சொல்லிக்கறேன். வேற யார் மூலமாவும் அவளுக்குப் போகக் கூடாது. அவ முன்னாடி உக்காந்து நானே சொல்லணும். அதுக்குத் தைரியம் வர்ற வரைக்கும் விட்டுடுங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? கூடப் பிறந்தவளிடம் மறைக்கிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, "வேலை ரொம்ப ஜாஸ்தி போல அண்ணா, ஆளே இளைச்சிட்டார் பாரு," என்றாள் தங்கை. நான் தட்டில் இருந்ததைக் கவனமாகச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை எனக்குத் தண்ணீர் ஊற்றினார். அவளுக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சியாகிவிட்டோம்.

ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. ஆறாவது புதன்கிழமை விராலடிப்பான் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது மீனை மட்டுமே தின்னும் பெரிய கழுகு. தண்ணீருக்குள் காலை விட்டு மீனை அள்ளிக்கொண்டு மேலே போகும். அந்த ஏரிக்கு ஆண்டில் ஓரிரு நாள் வந்தால் அதிகம். பீரங்கிக்காரர்கள் மூன்று வருடமாக அதற்காகத் தவம் கிடந்தார்கள். அன்றைக்கு அவர்களில் ஒருவர்கூட வரவில்லை. நான் மட்டும் இருந்தேன். கையில் அந்தப் பொம்மைக் கேமரா இருந்தது.

மீனோடு வந்து அக்கரையில் நட்டிருந்த மரக்கம்பத்தில் இறங்கியது. முழு ஜூமில் பறவையைப் பிடிப்பது லேசில்லை. ஒரு மூச்சு விட்டால் படம் வானத்துக்குப் போய்விடும். முதலில் ஜூமைக் குறைத்துக் கம்பத்தைப் பிடித்தேன். பிறகு நீட்டினேன். மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். நாற்பது படம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்பது குப்பை. ஒன்று அப்படி இல்லை. இரண்டு இறக்கையும் முழுதாக விரிந்திருந்தன. நகத்தின் பிடியில் மீன் வாயைத் திறந்திருந்தது. வாலிலிருந்து சொட்டிய நீர்கூடத் தெளிவாக நின்றது. என் ஆயுளில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. இனியும் எடுக்கப்போவதில்லை.

இடது இறக்கையின் நுனிக்குப் பின்னால், கரைமேல் கொஞ்சம் தள்ளி, பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மடியில் நீலப் பை. என் சின்ன சென்சார் அவரைக் கொஞ்சம்தான் மங்கலாக்கியிருந்தது. தெரிந்தவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

இங்கேதான் நான் பொய் சொல்லக் கூடாது. நான் பார்க்காமல் அனுப்பவில்லை. அவரை வெட்டிவிடலாம் என்று ஓரத்தை நகர்த்திப் பார்த்தேன். அவர் போனால் இறக்கையின் நுனியும் போயிற்று, ஐந்து இறகுகள். நொண்டிப் பறவை மாதிரி ஆகிவிட்டது. அவரை மட்டும் மங்கலாக்கிப் பார்த்தேன். இறகின் ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாகிவிட்டது. இருபது நிமிடம் மல்லுக்கட்டினேன். கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். இறக்கையை வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் பறவைக் குழுவில் போட்டேன். தங்கை அதில் இல்லை. பீரங்கிக்காரர்களில் மூத்தவர், "அடேயப்பா! அந்தக் கேமராவிலா?" என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பாராட்டு என்பது உப்புத்தண்ணீர் போல. குடித்தால் தாகம் கூடும். எங்கள் குடும்பக் குழுவில் என் படங்களுக்கு மரியாதையே கிடையாது. என் மனைவியே, "என்னங்க, இன்னொரு காக்காவா?" என்று கேட்பவள். இவர்களுக்கும் ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்று இருந்தது. யார் பெரிதாக்கிப் பார்க்கப்போகிறார்கள்? கட்டைவிரல் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அனுப்பினேன்.

ஏழு கட்டைவிரல் வந்தது. தங்கையிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளையிடமிருந்தும் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்தேன். கைப்பேசியை எடுத்துக் குழுவிலிருந்து படத்தை அழித்தேன். அதற்குள் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் மதியம் தங்கை கூப்பிட்டாள். "சாயங்காலம் வீட்டுக்கு வா," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. வேலை நாளில், வெயில் தாழாத நேரத்தில், வீட்டு உடையில் அவரைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "வாங்க மச்சான்," என்று எப்போதும் போலவே சொன்னார்.

தங்கை சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. கைப்பேசியில் என் படம் இருந்தது. அழிப்பதற்கு முன்பே சேமித்திருக்கிறாள்.

"காலையில இவர் ஷூ மாட்டிக்கிட்டு இருந்தார். போனை முன்னாடி நீட்டி, இன்னைக்கும் அந்த பெஞ்சுக்கான்னு கேட்டேன்," என்றாள். "ஒரு ஷூவோட அப்படியே உக்காந்துட்டார் அண்ணா. எனக்கே ஏன் கேட்டோம்னு ஆயிடுச்சு. அப்புறம்தான் கிடங்கு மூடினது வெளிய வந்துச்சு."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார்.

"வேலை போனா போகட்டும். ரெண்டு பேருமா சேர்ந்து ஏதாவது பண்ணலாம். இவரா முன்னாடியே வந்து சொல்லலையே, அதுதான். ஒரு பறவைக்குப் பின்னாடி தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாப் போச்சு."

"நீ எப்படி..." என்றேன். "அவ்வளவு சின்னதாத்தானே தெரிஞ்சுது?"

"நீ போடற படம் எல்லாத்தையும் பெருசு பண்ணித்தான் பாப்பேன். எப்பவும். ஒவ்வொரு இறகா நகத்திப் பாத்துக்கிட்டே இருப்பேன். என்ன எழுதறதுன்னு தெரியாது, அதனால ஒண்ணும் எழுத மாட்டேன்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பித்தானே அனுப்பினேன். இத்தனை வருடம் என் படங்களை நிஜமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் இவள்.

"ஒண்ணு கேக்கறேன் அண்ணா," என்றாள். "எடுக்கும்போது இவர் அங்க இருந்தது உனக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சிரித்தார். நிஜமான சிரிப்பு மாதிரியே இருந்தது.

"அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெட்டியில கண்ணை வெச்சுட்டா மச்சானுக்குப் பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. நான் அங்க போய் உக்கார்றதே அவருக்குத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வேண்டாம் என்று ஒரு தலையசைப்பு, அவள் கவனிக்காத அளவுக்கு.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை ஐந்து இறகுகளுக்காக நான் பறித்துக்கொண்டேன். அவருக்கும் அது தெரியும். தெரிந்தே, அவளுக்கு ஒரு அண்ணனாவது மிஞ்சட்டும் என்று எனக்காகப் பொய் சொல்கிறார். உண்மையைச் சொல்கிற உரிமைகூட எனக்கு இல்லாமல் போயிற்று. சொன்னால் அவர் பொய்யும் சேர்ந்து வெளியே வரும்.

"அதான் நானும் நெனச்சேன்," என்றாள் தங்கை. "தெரிஞ்சிருந்தா முதல்ல என்கிட்டதான வந்து சொல்லியிருப்ப? இருந்தாலும் உன் வாயால ஒரு தடவை கேட்டுடலாம்னு."

அவள் காத்திருந்தாள்.

"தெரியாதும்மா," என்றேன்.

அவள் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, மூன்று பேருக்கும் தட்டு எடுக்க எழுந்து போனாள்.