படிகளில் உட்கார்ந்திருந்தவர்

கையைத் தூக்கினாராம். இதை இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்வான் இந்த ரோலன்? தூக்கினார் என்றால் எவ்வளவு? தோள் வரைக்குமா, தலைக்கு மேலா? விரல்கள் விரிந்திருந்தனவா? கேட்டால் சொல்வான், எல்லாம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்கிறானே. ஆனால் கேட்டுவிட்டால் அதன் பிறகு அவனும் யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

லிடி கேட்கவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கணவரின் குழிக்குள் போட்டாள். வடக்கிலிருந்து அடித்த காற்று அதில் பாதியை அவளுடைய கறுப்புக் கோட்டின் மேலேயே திருப்பிப் போட்டது. மகள் கொரின் அவசரமாகத் தட்டிவிட்டாள். சைப்ரஸ் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. தென் பிரான்சின் நீம் நகரத்தில் நவம்பர் மாதம் இப்படித்தான், சாவு வீட்டுக்காரர்களையும் காற்று விட்டுவைப்பதில்லை.

பின்னால் ரோலனின் குரல் தாழ்ந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுலா வழிகாட்டியின் குரல். தாழ்த்தினாலும் கடைசி வரிசை வரைக்கும் போகும்.

"நான் ஒரு ஜெர்மன்காரங்க கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுப் போறேன். பாத்தா, அந்தப் பழைய ரோமன் கட்டடம், மெசோன் காரே படியில மனுஷன் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்காரு. நான் கை காட்டினேன். அவரும் கையைத் தூக்கினாரு. 'அதோ பாருங்க, இந்த ஊரோட மூத்த வழிகாட்டி மார்செலன்'னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு பொம்பளை போட்டோகூட எடுத்தா. அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல ஆம்புலன்ஸ் சத்தம்."

"வாழ்நாள் பூரா நடந்த பாதை. நடந்து முடிச்சுட்டுப் போய் உட்கார்ந்துட்டாரு," என்றார் யாரோ.

"இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும்?"

கொரின் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அழுது வீங்கிய முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரயிலில் வரும்போது முழுக்க நடுங்கிக்கொண்டே வந்தவள் அவள். இந்தக் கதை கிடைத்த பிறகுதான் நேற்று கொஞ்சம் சாப்பிட்டாள்.

லிடியின் குடும்பம் பழைய புராட்டஸ்டன்ட் குடும்பம். முதலில் அடக்கம், பிறகு தேவாலயத்தில் ஆராதனை. போதகர் வேதத்திலிருந்து வாசித்தார், ஜெபித்தார், உட்கார்ந்துவிட்டார். மார்செலன் எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை இல்லை. செத்தவரைப் புகழ்வது அந்தத் தேவாலயத்தில் வழக்கமில்லை. சிறுவயதில் லிடிக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றியதுண்டு. இன்று அந்த மௌனத்துக்குள் கொஞ்ச நேரம் தலை சாய்த்துக்கொள்ள முடிந்தது.

வெளியே வந்ததும் ரோலன் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "உங்க ஆளுங்க சாவுக்குக்கூட உப்புப் போட மாட்டாங்களா லிடி? மார்செலன் இருந்திருந்தா பாதியில எழுந்து போயிருப்பாரு."

"போயிருப்பார். என் கல்யாணத்துலயே போகப் பாத்தார்," என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தானும் சிரித்துவிட்டது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"அதனாலதான் நாங்க ஒண்ணு யோசிச்சிருக்கோம்," என்றான் ரோலன். "அரங்கத்துலேருந்து மெசோன் காரே வரைக்கும், அவர் கூட்டிக்கிட்டுப் போற மாதிரியே எல்லாரும் நடப்போம். அவர் சொல்ற ஜோக்கெல்லாம் சொல்லிக்கிட்டே. அவருக்கு இதான் சரியான ஆராதனை."

"வா மா," என்றாள் கொரின். "எனக்காக."

அவள் போனாள்.

ரோமானியர் கட்டிய அந்த வட்ட அரங்கத்தின் முன்னால் இருபது பேர் கூடினார்கள். ரோலன் இடுப்பில் கை வைத்து, வயிற்றைத் தள்ளி, மார்செலனாக மாறினான். "சீமான்களே, சீமாட்டிகளே! இங்க சிங்கம் கடிச்சு செத்தவங்களைத்தானே பாக்க வந்தீங்க? ரோமன்காரன் போனதுக்கப்புறம் இந்த வளைவுகளுக்குள்ள ஜனங்க வீடு கட்டிக் குடியிருந்தாங்க. கணக்குப் பாத்தா இங்க சண்டை போட்டவனைவிடத் துணி காயப்போட்டவதான் அதிகம்!"

எல்லோரும் சிரித்தார்கள். குரல்கூட அப்படியே இருந்தது.

போன குளிர்காலத்தில் இதே இடத்தில்தான் அவருக்கு அந்த வாக்கியம் பாதியில் நின்றது. துணி என்ற சொல் வரவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் கைகளை விரித்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ரோலனுக்குத் தெரிய வேணாம். கொரினுக்கும் வேணாம். சொல்லமாட்டேன்னு சொல்லு." சொன்னாள். அதன் பின் முட்டிவலி என்று காரணம் காட்டி வேலையை விட்டார். மகளிடம் போனில் பேசும்போது, "என்ன ராணியம்மா, அந்தக் குளிர்ல இன்னும் உறைஞ்சு போகலியா?" என்று தொடங்கி, இரண்டாவது கேள்வி வருவதற்குள் போனை லிடியிடம் நீட்டிவிடுவார். அந்த ஒரு கேலி மட்டும் கடைசி வரை அழியவில்லை. மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒவ்வொன்றாகப் போயிற்று. தெருப்பெயர்கள், லிடியின் பெயர், தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது.

கடைக்குப் போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். ஒருநாள் சாவியைத் திருப்பியபோது உள்ளிருந்து, மரத்தில் வாயை வைத்துச் சொல்வதுபோல, குரல் வந்தது. "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனபோது அவள் பூட்டவில்லை. திரும்பி வந்தபோது அவர் வீட்டில் இல்லை.

கூட்டம் அஸ்பிக் தெருவுக்குள் நுழைந்தது. கடைகள் பாதி அடைத்திருந்தன. ரோலன் ஒவ்வொரு மூலையிலும் நின்று ஒன்று சொன்னான். இங்கே ஒரு அமெரிக்கக்காரி மார்செலனைக் காதலித்தாள், இங்கே அவர் தொப்பி பறந்துபோய்ப் போலீஸ்காரர் தலையில் உட்கார்ந்தது. ஒரே கல்லெறி தூரம்தான் இந்தத் தெரு. மார்செலன் இதை ஒரு மணி நேரமாக்குவார். இறந்த அன்றைக்கும் ஆக்கியிருக்கிறார், வேறு விதமாக.

ரொட்டிக்கடை ஜினெட் அதை லிடியிடம் முந்தாநாளே சொல்லியிருந்தாள். அன்று காலை மார்செலன் அவள் கடைக்கு வந்தார், ரொட்டி வாங்கினார், போனார். திரும்பி வந்து மறுபடி வாங்கினார். அப்புறம் வெறுமனே வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு ரொட்டிகள். "அம்மா, என் வீடு எது?" என்று கேட்டார். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எப்பவும்போல விளையாடறாருன்னு. 'பொண்டாட்டி துரத்திட்டாளா?'ன்னு கேட்டுச் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு லிடி. சிரிச்சுட்டு, வந்த வழியை விட்டுட்டு அந்தப் பக்கம் போனாரு."

அவர் சிரித்திருப்பார். எதிரில் நிற்பவர் சிரித்தால் தானும் சிரிக்க வேண்டும் என்பது அவருக்கு மறக்கவில்லை.

இப்போது ஜினெட் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே கடை வாசலுக்கு வந்தாள். "ரோலன், அன்னைக்கு இங்க வந்தப்ப மனுஷன்..."

லிடி கொரினின் பிடியிலிருந்து விலகி, விரைந்து போய் ஜினெட்டை அணைத்துக்கொண்டாள். அவள் காதருகே வாயை வைத்து, "வேணாம்," என்றாள். "கொரின் தாங்க மாட்டா. ரோலனும் தாங்க மாட்டான்."

"அப்ப நீ?" என்றாள் ஜினெட்.

லிடி பிடியைத் தளர்த்தினாள். அவள் கோட்டில், மண் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், இப்போது மாவும் ஒட்டியிருந்தது.

"என்ன சொல்ல வந்தா?" என்றான் ரோலன்.

"ரொட்டி வாங்கினாராம்."

"பாத்தீங்களா! கடைசி நாள்லயும் பசி விடல." அவன் கண் நிறையச் சிரித்தான்.

எவ்வளவு பிரியம் இவனுக்கு அவர் மேல், என்று நினைத்தாள். பிரியம் இல்லாதவனாக இருந்தால் இப்போதே சொல்லிவிடலாம். அவர் கையைத் தூக்கி உன்னை உதவிக்குக் கூப்பிட்டார் என்று. கை தட்டிவிட்டுப் போனீர்கள் என்று. நான்தான் உனக்கு ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், அதனால்தான் போனாய் என்று. மூன்று வாக்கியம். அதன் பிறகு இவன் எந்தக் கூட்டத்தையும் இந்தத் தெரு வழியாக அழைத்துப்போக மாட்டான்.

தெரு முடிந்து சதுக்கம் திறந்தது. மெசோன் காரே வெளுப்பாக, தூண்கள் துடைத்துவைத்ததுபோல நின்றது. பாரிஸில் இருப்பவர்கள் இதைக் கோயில் என்பார்கள், இந்த ஊர்க்காரர்களுக்கு அது வீடு, மெசோன் என்றால் வீடுதான். ரோலன் படிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு திரும்பினான். இப்போது அவன் மார்செலனாக நடிக்கவில்லை. குரல் உடைந்திருந்தது.

"இங்கதான் முடிப்பாரு. எல்லாருக்கும் தெரியும். ஒற்றைப்படைப் படிகள், வலது காலை வெச்சு ஏறினா மேலயும் வலது கால்லதான் போய்ச் சேரணும். அதைச் சொல்லிட்டு, அந்தக் கடைசி வரியைச் சொல்லுவாரு, எல்லாரும் ஒண்ணா ஏறுவோம். அந்த வரியை நான் சொல்லக் கூடாது. உங்ககிட்டதான் அவர் முதமுதல்ல சொல்லிப் பாத்தாராம், கல்யாணத்துக்கு முன்னாடி. சொல்லுங்க லிடி. சொல்லிட்டு, அவர் எப்படி நிம்மதியா இங்க வந்து உட்கார்ந்தாருன்னு ரெண்டு வார்த்தை. எங்க எல்லாருக்கும் அது போதும்."

இருபது முகங்களும் அவளை நோக்கித் திரும்பின. கொரின் தலையை அசைத்து, சொல்லு, சொல்லு என்றாள். நடுப்படியில் ஓர் இளைஞன் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஏதோ நடக்கிறது என்று புரிந்து, தோலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நகர்ந்தான்.

அந்த வரி அவளுக்குள் முழுசாக இருந்தது. ஒரு சொல் குறையாமல். இந்த வருஷம் முழுக்க அவருக்குப் பதிலாக எத்தனை வாக்கியங்களை முடித்து வைத்திருக்கிறாள்! மருத்துவரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம், போனில் இதோ இந்த மகளிடம். அவர் தேடும்போதே, அவர் முகம் மாறுவதற்குள், எடுத்துக் கொடுத்துவிடுவாள். இன்னும் ஒன்று. ஒரே ஒன்று. சொன்னால் எல்லோரும் வலது காலை எடுத்து வைப்பார்கள். அவர் நிம்மதியாக வந்து உட்கார்ந்தவராகவே இந்த ஊரில் இருந்துவிடுவார்.

கையில் இரண்டு ரொட்டிகளோடு, யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு அப்புறம் யாரும் இருக்க மாட்டார்கள்.

"இல்ல ரோலன்," என்றாள்.

"என்ன லிடி, அழுகை வருதா? மெதுவா, மெதுவா. நாங்க காத்திருக்கோம்."

"அழுகை இல்ல."

"அம்மா," என்றாள் கொரின், எரிச்சலும் கெஞ்சலுமாக. "இங்கயுமா உங்க தேவாலய வழக்கம்? ஒரு வரிதானே. உனக்கு மறந்துபோச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். எளிது. மகளே கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"மறக்கல," என்றாள் லிடி. "சொல்ல மாட்டேன்."

காற்று தூண்களுக்கிடையே புகுந்து போனது. ரோலன் முதல் படியில் வைத்திருந்த காலை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

லிடி கோட்டின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க ஏறுங்க," என்றாள். "நான் கீழயே நிக்கிறேன்."