உருளையைத் தள்ளியவள்

எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, ஏதாவது செத்துப்போனால் பதிவேட்டில் எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். ஆராய்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அதில் மூக்கை நுழைக்காமல் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடிந்ததில்லை. அந்த மூக்கு உடைந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு நான் அக்கா, எனக்கு அவள் பாப்பா. சிலருக்கு விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப் பார்வை போய்விடுகிறதல்லவா, போன பார்வையைக் கொஞ்சமாவது மீட்க ஒரு சொட்டு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறாள். மருந்தைச் சோதிக்க முதலில் நோய் வேண்டும். நல்ல எலிக்கு அந்த நோய் தானாக வராது. அதனால் சோடியம் அயோடேட் என்று ஒரு உப்பைக் கரைத்து வால் நரம்பில் ஊசி போடுவார்கள். அது ரத்தத்தோடு போய், விழித்திரைக்குப் பின்னால் இருந்து அதற்கு ஊட்டம் கொடுக்கிற மெல்லிய படலத்தை அழித்துவிடும். ஒரு வாரத்தில் எலிக்குப் பார்வை மங்கிப் போய்விடும்.

நோயையும் கொடுத்துவிட்டு மருந்தையும் தேடுவது என்ன நியாயம் என்று முதல் வருடம் அவளோடு சண்டை போட்டேன். அவள் ஒரு நாள் என்னைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், சுவரைத் தடவிக்கொண்டு வரிசையில் நகர்கிறவர்களைக் காட்டினாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒரு வாக்கு வாங்கினேன். எந்த எலியும் வீணாகச் சாகக் கூடாது. என் எலிகளின் முடிவு எனக்குத் தெரியாதது இல்லை. ஒரு காரியத்துக்காகப் போவது வேறு, யாருக்கும் பயனில்லாமல் போவது வேறு.

இந்த முறை இருபத்து நான்கு எலிகள். எல்லாம் தலை கறுப்பு, உடம்பு வெள்ளை. பதினாறுக்கு அயோடேட், எட்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது போனது என்பது ஊசி போட்ட பாப்பாவுக்கே தெரியாது. அந்த விவரம் ஒட்டிய உறைக்குள் அவளுக்கு வழிகாட்டுகிற புரொபசரின் மேசையில் இருந்தது.

பார்வை போய்விட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். என் இடுப்பு உயரம் இருக்கும். உட்பக்கம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். நடுவில் ஒரு குட்டி மேடை. எலியை மேடையில் உட்கார வைத்து உருளையை மெதுவாகச் சுற்றினால், பார்வை உள்ள எலி கோடுகளோடு சேர்ந்து தலையைத் திருப்பும். பார்வை இல்லாதது தன் பாட்டுக்கு மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்.

ஊசி போட்ட எட்டாவது நாள், திங்கட்கிழமை, உருளையைச் சுற்றுகிற மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. வியாழக்கிழமைதான் வர முடியும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். பாப்பாவுக்கு முகம் சுண்டிப் போனது. நான் சும்மா இருப்பேனா? இதற்குப் போய் ஒரு மோட்டாரா என்று ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உருளையின் விளிம்பைப் பிடித்துத் தள்ளியபடி சுற்றிச் சுற்றி நடந்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று. கடிகார முள் தோற்றுப் போகும், அப்படி ஒரு நிதானம். வீட்டுக்குப் போய் எங்கள் வீட்டுக்காரரிடம், நான் இல்லையென்றால் ஆராய்ச்சியே நின்றிருக்கும் என்று பீற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் இருபத்து நான்கையும் சோதித்து முடித்தோம். இருபத்து நான்கும் ஒன்று விடாமல் தலையைத் திருப்பின.

அதாவது ஒரு எலிக்கும் பார்வை போகவில்லை. எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். உப்பு விற்ற கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாட்டிலை ஜன்னலோரம் வைத்ததற்காகப் பாப்பாவைத் திட்டினேன். ஊசி பிடிக்கிற கை நடுங்கினால் இப்படித்தான் ஆகும் என்றுகூடச் சொன்னேன். அவளுக்குக் கை நடுங்காது என்பது எனக்கே தெரியும்.

கண்ணின் மின் துடிப்பை நேராக அளக்கிற கருவி வேறொரு துறையில் இருந்தது. அதற்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். புதன்கிழமை புரொபசர் வந்து படம் முழுவதையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஊசி ஏறிய உடம்பை வேறு சோதனைக்கு எடுக்க முடியாது, வெள்ளிக்கிழமை இருபத்து நான்கையும் முடித்துவிட வேண்டும், புதிதாக இருபத்து நான்கு வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாப்பாவின் ஆராய்ச்சிக் காலத்தில் மீதி இருந்ததே ஐந்து மாதம். அன்று அவள் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. நான் கூண்டு வரிசைக்கு முன்னால் நின்று, வாங்கின வாக்கு காற்றில் போச்சே என்று நொந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை. அறிக்கைக்கு இன்னொரு படம் வேண்டும் என்று ஒரு எலியை மேடையில் வைத்தாள் பாப்பா. அதற்குள் போன் வரவே, அதோடு வெளியே போய்விட்டாள். நான் தரை துடைக்கிற கட்டையோடு உள்ளே நுழைந்து உருளையைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தேன். கேமராவின் திரை சுவரில் இருந்தது. தற்செயலாகத்தான் பார்த்தேன். உருளை அசையவே இல்லை. ஆனால் எலியின் தலை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

நின்றேன். அதுவும் நின்றது. எதிர்ப்பக்கமாக நடந்தேன். அதுவும் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. என் ரப்பர் செருப்பு சரக் சரக்கென்று தேய்கிறது. ஏப்ரன் பையில் எப்போதும் அவற்றுக்கென்று ஒரு பிடி சூரியகாந்தி விதை இருக்கும், இப்போதும் இருந்தது. அவை கோடுகளைப் பார்த்துத் தலையைத் திருப்பவில்லை. தீனி போடுகிறவள் எங்கே போகிறாள் என்று திருப்பியிருக்கின்றன.

மூன்று நாளாக ஊரையே திட்டியவள் நான். பேசாமல் துடைத்துவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். வெளியே பாப்பா புது எலிக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"பாப்பா, போனை வை."

"அக்கா, ஒரு நிமிஷம், எலி தர்றவங்க லைன்ல இருக்காங்க."

"எலியே வேண்டாம், வைன்னு சொல்றேன்ல. உன் ஊசியில தப்பு இல்ல. தப்பு நான்தான்."

அவள் திரை முன்னால் நின்றுகொண்டு என்னை நடக்கச் சொன்னாள். பிறகு உட்பக்கக் கோடுகளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டு நடக்கச் சொன்னாள். ஆறு எலிகளை வைத்துப் பார்த்தோம். பார்க்க ஒரு கோடுகூட இல்லாத இடத்தில் ஆறும் என் பின்னாலேயே தலையைத் திருப்பின. என்ன திட்டப் போகிறாளோ என்று நான் அசடு வழிய நின்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் புது மோட்டாரை மாட்டினார். பாப்பா என்னை வாசலில்கூட நிற்க விடவில்லை, மாடிப்படி வரைக்கும் போகச் சொன்னாள். அங்கே படியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் விரல் நகத்தைக் கடித்தேன். பிள்ளைகளின் பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

எட்டு திருப்பின. பதினாறு திருப்பவில்லை. புரொபசர் உறையைப் பிரித்து எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. பாப்பா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், நானும் அவளோடு குதித்தேன். குதிக்கும்போதே உறைத்தது, பதினாறு உயிருக்குப் பார்வை போனதற்குக் குதிக்கிறேன் என்று. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை யாரும் சாக வேண்டியதில்லை. திங்கட்கிழமை முதல் சொட்டு மருந்து தொடங்கியது.

நாலு மாதம் கழித்து அவள் கட்டுரை அச்சில் வந்தது. மருந்து பாதி எலிகளுக்குக் கொஞ்சம் கைகொடுத்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் புரொபசர் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாப்பா கட்டுரையைக் கூண்டு அறைக்கே எடுத்து வந்து, சோதனை முறைகள் என்ற பகுதியில் ஒரு வரியை எனக்குத் தமிழில் சொன்னாள்: "விலங்குகளுக்குத் தினமும் உணவளிப்பவர் சோதனை அறைக்குள் இருக்கக் கூடாது. இருந்தால், பார்வையிழந்த எலிகளும் அவர் இருக்கும் பக்கம் தலையைத் திருப்புகின்றன."

"கோபமாக்கா? வேற மாதிரி எழுதத் தெரியல."

பதினாறு வருட வேலையில் என்னைப் பற்றி அச்சில் ஏறியது இந்த ஒன்றுதான், அதுவும் உள்ளே விடாதே என்று. இன்னொரு தடவை படி என்றேன். அவள் படித்தாள். கூண்டு கழுவுகிற கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் சோப்பு ஆகிவிட்டது.